கார்பன் நார் கட்டத்துக்குக் கட்டம் குதிக்காது

இந்த வாரமும் செய்யவே முடியாத நார்க் கோணங்களோடு எனக்கு ஒரு ஃபைல் வந்தது. மதுரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் இறுதியாண்டு புராஜெக்ட். கார்பன் ஃபைபர் தகட்டின் பக்ளிங் (அழுத்தும்போது நெளிந்து வளைவது) தாங்குதிறனைக் கூட்ட, இடத்துக்கு இடம் நாரின் கோணத்தை மாற்றி ஆப்டிமைஸ் செய்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கணக்குக்காகத் தகட்டைப் பிரித்த சிறு கட்டங்களில், அதாவது எலிமெண்ட்களில், ஒன்றில் 15 டிகிரி, ஒட்டிய எலிமெண்டில் 70, அதற்கடுத்ததில் மைனஸ் 30. இதை எப்படிப்பா செய்வது என்று கேட்டால், "சாஃப்ட்வேர் கொடுத்த ஆன்சர் சார்" என்கிறார்கள்.

தம்பி, நார் என்பது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓடுவது. அந்தக் கட்டங்களின் வலை, மெஷ், நீங்கள் போட்டது, அது நாருக்குத் தெரியாது. நாரை அச்சின் மேல் பதிக்கும் ஃபைபர் பிளேஸ்மெண்ட் மெஷின் படுக்க வைப்பது தனி இழையை அல்ல, பல இழைகள் சேர்ந்த டோ என்கிற பட்டையை. பரவலாகப் புழங்கும் டோவின் அகலம் 6.35 மில்லிமீட்டர். சித்திரைத் தேர் மாசி வீதி முக்கில் திரும்பும்போது பார்த்திருப்பீர்கள், உள்பக்கச் சக்கரம் கொஞ்சமாக நகர வெளிப்பக்கச் சக்கரம் நீளமாகச் சுற்றி வரும். டோ வளையும்போதும் வெளி விளிம்புக்குப் பாதை நீளம், உள் விளிம்புக்குக் குறைவு. ஆனால் பட்டையின் இரண்டு விளிம்பும் ஒரே நீளமாகத்தான் ஸ்பூலிலிருந்து வருகின்றன. அதனால் உள்பக்கம் மிஞ்சும் நீளம் சுருங்கி மடிந்து மேலே எழும்பிவிடும்.

ஆய்வுகளில் அடிக்கடி வரும் குறைந்தபட்ச வளைவு ஆரம் 635 மில்லிமீட்டர். அதில் வளைத்தால் இரு விளிம்புக்கும் நீள வித்தியாசம் 1 சதவீதம். 200 மில்லிமீட்டர் ஆரத்தில் அதுவே 3 சதவீதத்தைத் தாண்டிவிடும், கார்பன் நாரோ 2 சதவீத நீட்சியை ஒட்டியே அறுந்துவிடும் ஜாதி. உங்கள் எலிமெண்ட் 10 மில்லிமீட்டர் என்றால், 635 ஆரத்தில் நார் ஓடும் திசையில் ஒரு எலிமெண்டிலிருந்து அடுத்ததற்குக் கோணம் சுமார் 0.9 டிகிரிதான் மாறலாம். 55 டிகிரி அல்ல!

"அப்புறமா ஸ்மூத் பண்ணிக்கலாம் சார்" என்று சொல்பவர்களிடம்தான் எனக்குக் கோபமே வருகிறது. ஸ்மூத் செய்த பிறகு அது வேறு டிசைன், நீங்கள் ரிப்போர்ட்டில் எழுதிய பக்ளிங் லோடு அதற்குச் சொந்தமில்லை. வளைவுக் கட்டுப்பாடு ஆப்டிமைசேஷனுக்கு உள்ளேயே இருக்க வேண்டும். 1993-இல் குர்தால், ஓல்மெடோ என்ற ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையைப் பாருங்கள். தகட்டின் நடுவில் ஒரு கோணம், ஓரத்தில் ஒரு கோணம், இடையில் நேர்கோட்டு மாற்றம், அவ்வளவுதான். ஒவ்வொரு அடுக்குக்கும் இரண்டே எண்கள், பாதையும் வழுவழுப்பாக வரும், ஆரத்தைச் சரிபார்ப்பதும் சுலபம். (ஆயிரம் வேரியபிள் போட்டால்தான் கைடு மதிப்பார் என்று யார் சொல்லிக் கொடுக்கிறார்களோ தெரியவில்லை.)

இன்னொன்று, எதோடு ஒப்பிடுகிறீர்கள்? நேர் நார் லேமினேட்டில் (நார் அடுக்குகளை ஒட்டிச் செய்த தகட்டில்) சிறந்ததைக் கண்டுபிடித்து அதோடு ஒப்பிடுங்கள். தகட்டின் தளத்தில் எல்லாத் திசையிலும் ஒரே விறைப்பு தரும் சாதாரண குவாசி-ஐசோட்ரோபிக் அடுக்கை நிறுத்தி அதைவிட எங்களுடையது மேல் என்பது நியாயமில்லை. முதல் மோடின் (தகடு நெளியும் வடிவம்தான் மோடு) லோடை மட்டும் தூக்கிவிடாதீர்கள், இரண்டாவது மோடு முந்திக்கொள்ளும், குறைந்தது நாலைந்து மோடாவது பாருங்கள். பட்டைகள் விரியும் இடத்தில் இடைவெளியில் ரெசின் தேங்கும், நெருங்கும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தடிக்கும். இரண்டையும் மாடலில் சேருங்கள். கோணங்களை நேரடியாக வைத்துத் தேடினால் லோக்கல் ஆப்டிமத்தில், அதாவது அக்கம்பக்கத்தில் மட்டும் சிறந்த விடையில், சிக்குவது சகஜம், வேறு வேறு தொடக்கப் புள்ளிகளிலிருந்து ஓட்டிப் பாருங்கள்.

கப்பலூர் பக்கம் கையாலேயே அடுக்கும் கை லே-அப் பட்டறையில் செய்யப் போகிறீர்களா? அப்படியானால் வளைந்த நாரையே விட்டுவிடுங்கள். தகட்டை நாலைந்து பகுதியாகப் பிரித்து, அடிப்படை அடுக்குகளை எல்லாப் பகுதிக்கும் தொடர்ச்சியாக ஓட விட்டு, தேவைப்படும் இடத்தில் மட்டும் நேர் நார்த் துண்டுகளைச் சேருங்கள். துண்டு முடியும் இடத்தில் படிப்படியாகக் குறையுங்கள், வெட்டென்று நிறுத்தினால் அங்கிருந்துதான் அடுக்கு பிரியத் தொடங்கும். இதுவும் இடத்துக்கு இடம் விறைப்பு (ஸ்டிஃப்னஸ்) மாறும் டிசைன்தான், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

தயவுசெய்து, கோட் எழுத உட்காரும் முன்பே பட்டறைக்காரரிடம் ஒரு தடவை பேசிவிடுங்கள். எனக்கு ஃபைல் அனுப்பினால் கலர் படத்தோடு நார்ப் பாதைப் படமும், அதில் மிகக் குறைந்த ஆரம் எவ்வளவு என்பதும் இருக்கட்டும். அது இல்லாத ஃபைலை இனி நான் திறப்பதாக இல்லை.