கலோரி 'சமநிலை'யா, வரவு செலவா?

"கலோரி சமநிலையைப் பேணுங்கள், நிறை குறையும்" எண்டு வெள்ளவத்தையில ஒரு கிளினிக்ல குடுத்த துண்டுப்பிரசுரத்தை மாமி கொண்டந்து காட்டினா. "தம்பி, நான் சோறு, மீன், கீரை எல்லாம் சமநிலையாத்தானே சாப்பிடுறன், பிறகேன் குறையேல்ல?" அவவில பிழை இல்ல, பள்ளிக்கூடத்தில சமநிலை உணவு எண்டு படிச்ச ஆக்களுக்கு அப்பிடித்தான் விளங்கும். அதை விடுங்க, உண்மையாவே சமநிலையில நிண்டா நிறை குறையாது, இருந்த இடத்திலயே நிக்கும், இதைக்கூட யோசிக்காமலா மொழிபெயர்த்தாங்க?

கலோரி லத்தீன்ல இருந்து வந்த சொல், அதில கலோர் எண்டா வெப்பம். 1820கள் அளவில பிரான்ஸில நிக்கொலா கிளெமோ பாவிக்கத் தொடங்கினது. சாப்பாட்டுப் பக்கற்றில கிலோகலோரி எண்டு போடுறதைத்தான் நாங்க சும்மா கலோரி எண்டுறம். அது அப்பிடியே இருக்கட்டும், எல்லாருக்கும் விளங்குது.

வில்லங்கம் இங்கிலிசில 'கலோரி பலன்ஸ்' எண்டுறதில வாற பலன்ஸில. அதுவும் லத்தீன்தான், ரெண்டு தட்டுத் தராசு. தராசு எண்டவுடன சமநிலை எண்டு எழுதிட்டாங்க. பஸ்ல கொண்டக்டரிட்ட "பலன்ஸ் தாங்க" எண்டு கேக்கேக்க நாங்க சமநிலையையா கேக்கிறம்? மிச்சக்காசை. இங்கயும் அந்தக் கணக்குத்தான், சாப்பிடுறது வரவு, எரியிறது செலவு, செலவு கூடினா துண்டு விழும், உடம்பு சேமிப்பில கை வைக்கும். பட்ஜெட்டுக்கு வருசா வருசம் வரவு செலவுத் திட்டம், துண்டு விழும் தொகை எண்டு வடிவான சொல்லெல்லாம் வச்சிருக்கிறம், அதை விட்டுட்டு 'கலோரிக் குறைபாடு' எண்டு வேற எழுதிறாங்க, இரும்புச்சத்துக் குறைபாடு மாதிரி ஏதோ வருத்தம் போல.

கலோரி வரவு செலவு எண்டு சொன்னா இன்னொண்டும் விளங்கும். கணக்குப் பிழைக்காது, ஆனா கணக்கு மட்டும் காரணம் சொல்லாது. மாசக்கடைசியில கையில காசில்லாட்டி செலவு கூடிப்போச்சு எண்டது உண்மைதான், ஏன் கூடினது? புரதத்தில வாற 100 கலோரியில 20, 30 அதைச் சமிக்கவே போயிடும், கொழுப்பில 3க்கு மேல போகாது. சாப்பாட்டைக் குறைச்சு மெலிஞ்சா உடம்பும் செலவைச் சுருக்கும், அதாலதான் 7,700 கலோரி துண்டு விழுந்தா ஒரு கிலோ குறையும் எண்டு கலண்டர்ல கோடு போட்டவங்க ரெண்டு மாசத்தில ஏமாந்து நிக்கிறாங்க. 2019ல அமெரிக்காவில 20 பேரை வச்சுப் பாத்ததில, அளவுக்கு மீறிப் பதப்படுத்தின சாப்பாட்டை விருப்பத்துக்குச் சாப்பிட விட்ட நாட்களில, பதப்படுத்தாத சாப்பாட்டு நாட்களை விட ஒரு நாளைக்கு 500 கலோரி அளவில கூட எடுத்திருக்கிறாங்க. இதெல்லாம் நிண்டு அசையாத தராசுக்குள்ள எங்க வரும்?

மாமிக்கு வரவு செலவு எண்டவுடன பிடிபட்டிட்டுது. கொஞ்சம் யோசிச்சிட்டுக் கேட்டா: "அப்ப பின்னேரம் பிளேன்ரீயோட சாப்பிடுற மாலு பணிஸையும் எழுத வேணுமோ?"