சீன கார்பன் பிரேம் வாங்கும்முன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை

சாலைப் பந்தய சைக்கிளுக்கான கார்பன் பிரேமை (கார்பன் இழையால் ஆன சட்டகத்தை) சீனாவிலிருந்து நேரடியாக வரவழைக்கலாமா என்று பட்டறைக்கு வருகிறவர்கள் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் அலுமினிய சைக்கிளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சில ஆண்டுகள் ஓட்டிப் பழகியவர்கள். ஐரோப்பிய, அமெரிக்கப் பிராண்டுகளின் விலையைப் பார்த்துத் தயங்கி நிற்பவர்கள். பிரேம் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதைவிட, நாளை அதில் ஒரு குறை வெளிப்பட்டால் யார் பொறுப்பேற்பார் என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்று அவர்களிடம் சொல்லி வருகிறேன். அதற்கான காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கார்பன் பிரேம் செய்யும் திறன் பல பத்தாண்டுகளாகத் தைவானிலும் சீனாவிலும்தான் குவிந்திருக்கிறது. 1972-ல் தைவானில் தொடங்கப்பட்ட ஜெயன்ட், மெரிடா ஆகிய இரு நிறுவனங்களும் தங்கள் பெயரில் மட்டுமன்றி மற்றவர்களுக்கும் சைக்கிள் செய்து கொடுத்தே வளர்ந்தவை. சீனாவில் சியாமென், ஷென்சென், டொங்குவான் போன்ற நகரங்களில் இத்தொழில் வேரூன்றியிருக்கிறது. மேற்கத்தியப் பெயர் தாங்கி வரும் விலை உயர்ந்த பிரேம்களில் பலவும் இந்த வட்டாரத் தொழிலாளர்களின் கைகளில் உருவானவையே. அண்மைக் காலமாகச் சீன நிறுவனங்கள் சொந்தப் பெயரிலேயே முன்வரிசைக்கு வந்திருக்கின்றன. சியாமெனின் வின்ஸ்பேஸ் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஷென்சென்னின் எக்ஸ்.டி.எஸ். இன்னும் ஒரு படி மேலே போய், 2025 முதல் அஸ்தானா என்ற தொழில்முறைப் பந்தய அணியின் பெயரிலேயே இடம்பெற்று, தன் எக்ஸ்-லேப் சைக்கிள்களை உலகின் உயர்மட்டப் பந்தயங்களில் ஓட வைத்திருக்கிறது. ஆகவே, சீனாவில் நல்ல பிரேம் செய்யத் தெரியாது என்று யாராவது சொன்னால் அதில் உண்மையில்லை.

ஆனால் 'சீன பிரேம்' என்ற ஒரே பெயரில் மூன்று வகைச் சரக்கு சந்தையில் புழங்குகிறது. தானே வடிவமைத்து, தன் பெயரைப் பொறித்து, உத்தரவாதம் கொடுத்து விற்பது முதல் வகை. ஒரே மோல்டில் (அச்சில்) வார்த்து, யார் கேட்டாலும் அவர்கள் விரும்பும் பெயரை ஒட்டிக் கொடுக்கும் 'ஓப்பன் மோல்டு' இரண்டாம் வகை. இதில் நல்லதும் உண்டு, மோசமானதும் உண்டு. புகழ்பெற்ற ஒரு பிராண்டின் வடிவத்தையும் சின்னத்தையும் அப்படியே திருடிச் செய்த போலி மூன்றாம் வகை. போலியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பெயரைத் திருடுவது தவறு என்பதோடு, உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவரின் பெயரே அதில் இல்லை என்பதும் காரணம்.

பொறுப்பேற்பது என்றால் என்ன என்பதற்கு 2021-ஆம் ஆண்டே போதுமான சான்று. அந்த ஆண்டு மார்ச் மாதம் பெல்ஜியத்தின் லெ சமின் பந்தயத்தில் பந்தய வீரர் மாத்தியூ வான் டெர் பூல் ஓட்டிய, கேன்யான் நிறுவனத்தின் ஏரோட் சைக்கிளின் ஹேண்டில்பார் ஓட்டத்தின்போதே உடைந்தது. உடனே அந்நிறுவனம் அந்த மாடலை வைத்திருந்த வாடிக்கையாளர்களிடம் சைக்கிளை ஓட்ட வேண்டாம் என்று அறிவித்துவிட்டு, மாற்று ஹேண்டில்பார் தயாரிப்பில் இறங்கியது. அதே ஆண்டின் இறுதியில் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம், ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பியரிங் அமைப்பு) வளையம் அழுத்துவதால், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் மேல்தண்டான ஸ்டீரர் குழாயில் விரிசல் விடக்கூடும் என்று கண்டு டார்மாக் எஸ்.எல்.7 மாடலைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்தது. உச்ச விலை வாங்கும் நிறுவனங்களின் பொருளிலும் குறை வரும். ஆனால் யாரிடம் எந்த சைக்கிள் இருக்கிறது என்ற பதிவு அவர்களிடம் இருந்தது, தேடிப் பிடித்துச் சொன்னார்கள். வரிசை எண்ணே பொறிக்கப்படாத ஒரு பிரேமில் இதே குறை தெரியவந்தால், அதை உங்களுக்குத் தெரிவிக்க யாருக்கும் வழியே இருக்காது.

விளம்பரங்களில் டி700, டி800, டி1000 என்று இழையின் பெயரை முதன்மையாகப் போடுகிறார்கள். இவை ஜப்பானின் டோரே நிறுவனம் தன் இழை வகைகளுக்கு வைத்த பெயர்கள். டி700 இழையின் விறைப்பு 230 கிகாபாஸ்கல், டி800 இழைக்கு 294. டி1000 விறைப்பில் டி800-ஐ ஒத்தது, இழுவலிமையில்தான் கூடுதல். ஆனால் நல்ல பிரேம் எதுவும் ஒரே இழையால் ஆனதன்று. ரெசின் என்ற பிசின் ஊறிய இழைத் தாளைச் சில நூறு துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டு எந்தக் கோணத்தில், எத்தனை அடுக்காக எங்கே வர வேண்டும் என்ற திட்டப்படி கையால் அடுக்கி, உள்ளே காற்றுப் பையை உப்பவைத்துச் சூடான மோல்டில் இறுக்கி எடுக்கிறார்கள். பிரேமின் வலிமையை முடிவு செய்வது அந்த அடுக்கும் வரிசையும், அடுக்கியவரின் கைத்திறனும், சுருக்கமோ காற்றுக் குமிழோ விடாத அழுத்தமும்தான். இழையின் பெயரை மட்டும் பார்த்து வாங்குவது, அரிசியின் ரகத்தைக் கேட்டுவிட்டுச் சோறு பதமாக இருக்கும் என்று முடிவு கட்டுவதற்குச் சமம்.

ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 4210-இன்படி நடந்த சோதனையின் அறிக்கையை. பெடல் மிதிக்கும் விசையை ஒரு லட்சம் முறை மாற்றி மாற்றிக் கொடுப்பதும், 22.5 கிலோ எடையை மேலிருந்து விழவைப்பதும் அந்தச் சோதனைகளில் அடங்கும். அறிக்கை வந்தால், அதில் உள்ள மாடல் பெயர் நீங்கள் வாங்கும் மாடல்தானா, ஃபோர்க்கும் சோதிக்கப்பட்டதா, சோதித்த மாதிரியின் எடை என்ன என்று பாருங்கள். ஒரே மோல்டில் சற்றுக் கனமாக ஒன்றும் மிக லேசாக ஒன்றும் செய்ய முடியும். கனமானதன் அறிக்கையைக் காட்டி லேசானதை விற்க முன்வந்த கடிதங்களை வாடிக்கையாளர்கள் என்னிடம் காட்டியிருக்கிறார்கள். சர்வதேச சைக்கிள் பந்தயச் சம்மேளனமான யூ.சி.ஐ.-யின் ஒப்புதல் முத்திரையையும் பலர் பாதுகாப்புச் சான்றாக நினைக்கிறார்கள். 2011-ல் தொடங்கிய அந்த ஏற்பாடு, பிரேமின் வடிவமும் அளவுகளும் பந்தய விதிகளுக்குப் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதற்கானது. வலிமைச் சோதனைக்கு அது மாற்றாகாது.

பிரேம் கைக்கு வந்ததும் பாகங்களைப் பூட்டுவதற்கு முன்பே பரிசோதிக்க வேண்டும். பெயின்ட்டின் பளபளப்பு எதையும் சொல்லாது. பெடல்களின் அச்சு பொருந்தும் பாட்டம் பிராக்கெட் துளை நிறையச் சொல்லும். அழுத்திப் பொருத்தும் வகையில் பரவலாக உள்ள 41 மில்லிமீட்டர் துளையை உள்ளளவு மானியால் இரு பக்கமும் பல திசைகளில் அளந்து பார்ப்பது என் வழக்கம். புகழ்பெற்ற இத்தாலியப் பெயர் ஒட்டிய போலி பிரேம் ஒன்று, மிதிக்கும்போதெல்லாம் கீச்சிடுகிறது என்று வந்தது. அதன் வலப்பக்கத் துளை மேல்கீழாக ஓர் அளவும் குறுக்காக ஓர் அளவும் காட்டியது. வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. பியரிங்கை எத்தனை முறை மாற்றினாலும் அங்கே சத்தம் நிற்காது. நுண்கேமராவை உள்ளே விட்டபோது, டவுன் டியூப் (முன்பக்கத்திலிருந்து சாய்ந்து இறங்கும் கீழ்க்குழாய்) வந்து சேரும் இடத்தில் இழை அடுக்குகள் மடிந்து சுருங்கிக் கிடந்தன. காற்றுப் பையின் கிழிசல் ரெசினில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதிக விசை தாங்க வேண்டிய இடமே அதுதான். விற்றவரின் இணையக் கணக்கு அதற்குள் மறைந்துவிட்டிருந்தது.

பூட்டும்போது டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் திருகி) இல்லாமல் எந்த போல்ட்டையும் இறுக்காதீர்கள். சீட்டைத் தாங்கும் தண்டான சீட்போஸ்ட்டின் கவ்விக்குப் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் அளவில்தான் வரம்பு இருக்கும். போஸ்ட் வழுக்கினால் மேலும் இறுக்காமல், பிடிமானம் கூட்டும் கார்பன் பேஸ்ட் தடவுவதே சரி. நம் ஊர்க் கடற்காற்றும் வியர்வையும் இன்னொரு தொல்லை. கார்பனும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டிருக்க, இடையில் உப்புநீர் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்படும். அக்கறையுள்ள தயாரிப்பாளர் அந்த இடங்களில் கண்ணாடி இழை அடுக்கு வைத்துப் பிரிப்பார். அப்படிச் செய்யாத பிரேம்களில் அலுமினிய சீட்போஸ்ட் கழற்ற முடியாதபடி இறுகிப்போய் வருவதைப் பார்க்கிறேன். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒருமுறை கழற்றித் துடைத்துப் பூட்டுவது நல்லது.

கீழே விழுந்தாலோ மோதினாலோ, வெளியில் கீறல் இல்லை என்பதால் ஓட்டிப் பார்க்க வேண்டாம். நாணயத்தால் தட்டிப் பார்த்தால் அடுக்கு பிரிந்த இடத்தில் ஓசை மங்கும். ஆனால் பெரிய பிரிவுகள்தான் இதில் பிடிபடும், உறுதியாகத் தெரிய அல்ட்ராசவுண்ட் தேவை. பிரேமின் குழாயில் ஏற்பட்ட விரிசலைத் தேர்ந்த கைகளால் நன்றாகவே சரிசெய்ய முடியும். ஃபோர்க்கின் கதை வேறு. ஓடும்போது ஸ்டீரர் முறிந்தால் கையில் பிடிமானமே இருக்காது, முகம்தான் தரையில் மோதும். அதனால் அடிபட்ட ஃபோர்க்கை நான் பழுதுபார்ப்பதில்லை. புதிதாகத்தான் மாற்றச் சொல்கிறேன். பணம் செலுத்தும் முன்பே, இந்த மாடலின் ஃபோர்க்கை இரண்டு ஆண்டு கழித்துத் தனியாக வாங்க முடியுமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். தெளிவான பதில் வரவில்லையென்றால் அந்த பிரேமை வாங்காதீர்கள்.