கன்ட்ரோலரில் பெயின்ட் ஏன் உரிகிறது?

வீடியோ கேம் கன்ட்ரோலருக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பது அரை மணி நேர வேலை. அது அங்கேயே நிற்பதுதான் சிரமம். வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்குமாக உள்ளங்கை மணிக்கணக்கில் தேய்க்கும் பொருள் வீட்டில் வேறு அதிகமில்லை.

கன்ட்ரோலர்களின் ஓடு பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். வாளி செய்யும் பாலிபுரோப்பிலீனோடு ஒப்பிட்டால் இதில் பெயின்ட் நன்றாகவே பிடிக்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. திரவம் ஒரு பரப்பில் சீராகப் பரவ வேண்டுமானால், அந்தப் பரப்பின் ஆற்றல் திரவத்தின் பரப்பு இழுவிசையைவிட அதிகமாக இருக்க வேண்டும். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் அந்த ஆற்றல் குறைந்துவிடும். பெயின்ட் அங்கே விலகிக் குழி விழும். அதனால்தான் முதலில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைக்கச் சொல்கிறார்கள். அசிட்டோன் வேண்டவே வேண்டாம், ஓடே கரைந்துவிடும்.

அப்புறம் 600 அல்லது 800 நம்பர் உப்புத்தாள். அது போடும் நுண்ணிய கீறல்களுக்குள் பிரைமர், அதாவது நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலரை உற்றுப் பாருங்கள்: கைப்பிடியில் இருக்கும் சொரசொரப்பு முழுக்க முக்கோணம், வட்டம், பெருக்கல் குறி, சதுரம் என்ற குட்டிக் குட்டி வடிவங்கள்தான். தேய்த்துப் பெயின்ட் அடித்தால் அதெல்லாம் போய்விடும், பிடியும் வழுக்கும். அந்தப் பகுதியை நான் தொடமாட்டேன்.

பலரை ஏமாற்றுவது காய்கிற விஷயம். தொட்டால் ஒட்டவில்லை என்றால் கரைப்பான் பெரும்பாலும் ஆவியாகிவிட்டது என்றுதான் அர்த்தம். எனாமல் வகைப் பெயின்ட்டில் அதற்குப் பிறகும் மூலக்கூறுகள் காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டே இருக்கும். பின்னல் பாதியில் இருக்கும்போது அடுத்த கோட்டிங் அடித்தால், புதுக் கரைப்பான் உள்ளே புகுந்து கீழ்ப்படலத்தை ஊதவைக்கும். ஊதியது பக்கவாட்டில் விரிய இடமில்லாமல் சுருங்கி எழும், பால் ஆடை மாதிரி. ஒரு மணி நேரத்துக்குள் அடி, இல்லையென்றால் ஒரு நாளுக்கு மேல் பொறு என்று சில டப்பாக்களில் போட்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

நிறத்தைக் காக்க மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டிலும் இதே கதைதான். கரைப்பான் ஆவியாகி மட்டும் காயும் லாக்கர், பின்னாளில் ஆல்கஹால் சானிடைசர் பட்டாலே இளகக்கூடும். ஹார்டனர் என்ற இறுக வைக்கும் திரவம் கலந்த இரண்டு பாகப் பாலியூரித்தேன் வலையாகப் பின்னிக்கொள்வதால் நிற்கும். ஆனால் அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆபத்து. அதற்குரிய சுவாசக் கவசம் இல்லாமல் அடிக்கக் கூடாது, துணி மாஸ்க் போதாது.

தடிமனையும் பார்க்க வேண்டும். கோட்டிங்குக்குச் சுமார் 25 மைக்ரான் என்று வைத்தாலும், பிரைமர், இரண்டு கை நிறம், கிளியர் எல்லாம் சேர்ந்தால் 0.1 மில்லிமீட்டர். பட்டனிலும் துளையின் உள்சுவரிலும் அவ்வளவு ஏறினால், பட்டன் அழுத்தியபடியே சிக்கிக்கொள்ளும். எனவே பிளாஸ்டிக் ஓட்டைக் கழற்றி, துளைகளின் உள்விளிம்பில் மாஸ்க்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் ஸ்ப்ரேயைக் கையில் எடுக்க வேண்டும்.