வழங்கி: சர்வர் என்ற சொல்லும் சிறு தொழிலும்

"சர்வர் டவுன்" என்றதும் பலர் மனதில் வருவது, குளிரூட்டிய அறையில் விளக்குகள் மினுக்கும் பெரிய இரும்பு அலமாரி. அதனால்தான் நாலைந்து கணினி வைத்துத் தொழில் செய்பவர்கள் "நமக்கு எதற்கு சர்வர்?" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். சொல்லின் பொருள் புரிந்தால் இந்தத் தயக்கம் பாதி போய்விடும்.

இலத்தீனில் 'செர்வுஸ்' என்றால் அடிமை, 'செர்வீரே' என்றால் பணிவிடை செய்தல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, பணிவிடை செய்பவரைக் குறிக்கும் 'சர்வர்' ஆயிற்று. தமிழ்ப் பேச்சிலும் ஓட்டலில் பரிமாறுபவர் சர்வர்தான். கணினிக்கு இந்தப் பெயர் வந்ததற்கு ஒரு முன்கதை உண்டு. வரிசையில் காத்திருப்பதைக் கணக்குப் போட்டு ஆராயும் துறைக்கு, தொலைபேசி அழைப்புகளை வைத்து 1909-இல் அடித்தளமிட்டவர் டென்மார்க்கின் எர்லாங். அதே துறையில் 1953-இல் டேவிட் கெண்டல் எழுதிய கட்டுரையில், வரிசையில் நிற்பவருக்கு வேலையை முடித்துக் கொடுப்பவர் 'சர்வர்'. இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டின் 1969-ஆம் ஆண்டு ஆவணமொன்று, பயன்படுத்துவோர் பக்கத்துக் கணினியையும் சேவை தரும் கணினியையும் பிரித்துப் பேசும்போது, இரண்டாவதற்கு இந்தப் பெயரையே வைக்கிறது.

அதாவது, சர்வர் என்பது ஒரு வேலையின் பெயர். கேட்டவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் எந்தக் கணினியும், ஏன், எந்த மென்பொருளும் சர்வர்தான்.

தமிழில் இதற்கு 'சேவையகம்', 'வழங்கி' என்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன. நூலகம், மருந்தகம் போல 'அகம்' என்று முடிந்தால் ஓர் இடம்தான் நினைவுக்கு வரும். மென்பொருளைச் சேவையகம் என்று சொல்ல நாக்கு வராது. 'வழங்கி' கணினி, மென்பொருள் இரண்டுக்கும் பொருந்தும். கோப்பு வழங்கி, அச்சு வழங்கி, அஞ்சல் வழங்கி என்று தடையில்லாமல் பெருகும். "பரிசு வழங்கி விடைபெற்றார் என்கிறோமே, குழப்பம் வராதா?" என்று கேட்பவர்கள் உண்டு. இடிதாங்கி, ஒலிபெருக்கி எல்லாம் அதே அச்சில் வார்த்த சொற்கள்தான், யாரும் குழம்பியதில்லை. எதிர்முனையில் கேட்டுப் பெறும் கணினியை 'வாங்கி' என்றே சொல்லலாம். ஒலிவாங்கி ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது.

வழங்கியையும் வாங்கிகளையும் இணைப்பது நெட்வொர்க். சொல்லின்படி, வலைபோல் பின்னிய வேலைப்பாடு. 'பிணையம்' என்ற சொல்லும் அதற்கு வழங்குகிறது, நல்ல சொல்தான். ஆனால் தொழில் செய்பவரிடம் "பிணையம் வேண்டும்" என்றால், கடனுக்கு ஈடு கேட்கிறார்கள் என்றுதான் நினைப்பார். அவரிடம் 'வலையமைப்பு' என்று சொல்வதே நல்லது.

சரி, வழங்கி இல்லாத அலுவலகத்தில் என்ன நடக்கிறது? ஒருவர் கணினியில் 'விலைப்பட்டியல்_புதியது' இருக்கும். பென்டிரைவில் போன பிரதி இன்னொருவரிடம் 'விலைப்பட்டியல்_கடைசி' ஆகும். மூன்றாமவர் அதைத் திருத்தி 'கடைசி_2' என்று வைத்திருப்பார். வாடிக்கையாளர் போனில் காத்திருக்கும்போது எது சரியான விலை என்று மூவருக்கும் தெரியாது. கோப்பு வழங்கியில் இருப்பது ஒரே பட்டியல். எக்செல் கோப்பை ஒருவர் திருத்திக்கொண்டிருந்தால், அடுத்தவர் இப்போதைக்குப் படிக்க மட்டும்தான் முடியும் என்று திரையே சொல்லிவிடும். பில்லிங் மென்பொருள் தரவுத்தள வழங்கியில் (எல்லா விவரங்களையும் ஒரே இடத்தில் அடுக்கி வைத்து, கேட்டதை எடுத்துக் கொடுப்பது) ஓடினால், பலர் ஒரே நேரத்தில் பில் போட்டாலும் இருப்புக் கணக்கு ஒன்றாகவே நகரும். சம்பளக் கோப்புறையை யார் திறக்கலாம் என்பதையும் ஒரே இடத்தில் முடிவு செய்யலாம். அச்சுப்பொறியும் எல்லாருக்கும் பொதுவாகிவிடும்.

எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது காப்பு நகல். ஐந்து கணினியிலும் தினமும் நகல் எடுக்க யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள். எல்லாம் வழங்கியில் இருந்தால், ஒருமுறை அமைத்துவைத்தால் போதும், இரவில் அதுவே எடுத்துவிடும். 3-2-1 என்பார்கள்: 3 பிரதிகள், 2 வகைச் சேமிப்புச் சாதனங்கள், அதில் 1 வேறு இடத்தில். வழங்கிக்குள் இரண்டு வட்டுகள் ஒன்றுக்கொன்று நகலாக ஓடுவதைக் காப்பு நகல் என்று நம்பிவிடாதீர்கள். தவறுதலாக அழித்த கோப்பு அடுத்த நொடியே இரண்டிலும் அழிந்திருக்கும்.

தொடக்கத்தில் ஒரு சாதாரணக் கணினியையே வழங்கி ஆக்கலாம். ஆனால் அதை யாருடைய மேசைக் கணினியாகவும் வைக்கக் கூடாது. அவர் மாலையில் அணைத்துவிட்டுப் போனால் எல்லார் வேலையும் நிற்கும். வழங்கிக்கு ஒரு யுபிஎஸ் கட்டாயம். அப்புறம் கம்பியும், கணினிகளின் கம்பிகள் வந்து சேரும் சுவிட்ச் என்ற பெட்டியும்: வினாடிக்கு 100 மெகாபிட் போகும் பழைய சுவிட்சில் 1 ஜிபி கோப்பு நகர ஒன்றரை நிமிடம் ஆகும், கிகாபிட் சுவிட்சில் பத்து வினாடி போதும். "சர்வர் ஸ்லோ" என்ற புகாரில் வழங்கியின் மேல் தவறே இல்லாமல், மூலையில் கிடக்கும் இந்தச் சின்னப் பெட்டி காரணமாக இருப்பதும் உண்டு.

கிளவுட் வந்த பிறகு வழங்கி எதற்கு என்று கேட்கிறார்கள். கிளவுட் என்பதும் வழங்கிதான், வேறொருவர் இடத்தில் வாடகைக்கு ஓடுகிறது. பராமரிப்புத் தலைவலி அவர்களுடையது. வாடகையும் இணைய இணைப்பும் நம் பொறுப்பு. இணையம் அறுந்தால் அந்த வழங்கி எட்டாது. அலுவலகத்துக்குள் இருக்கும் வழங்கி அப்போதும் பில் போட்டுக்கொண்டிருக்கும்.