'மீனவர் பிரதிநிதி ஒருவர்' என்று கேட்பதை நிறுத்துங்கள்

போன வாரமும் ஓர் அழைப்பு. "கடல் காப்பக ஆலோசனைக் குழுவுக்கு ஊரிலிருந்து தன்னார்வலர்கள் வேண்டும். மீனவர் ஒருவர், பெண் ஒருவர், இளைஞர் ஒருவர். நாளைக்குள் பெயரும் ஆதார் நகலும் அனுப்பிவிடுங்கள்." கடலோர ஊர்களில் இப்படிப்பட்ட குழுக்களைக் கூட்டிப் பேசவைப்பதுதான் என் வேலை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

பாக் விரிகுடாவில் 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கடற்பசுப் பாதுகாப்பகத்தை அறிவித்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர். கடற்பசுவுக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் காப்பகம் இதுதான். நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் அந்த விலங்கு கடற்புல் மேய்ந்து வாழ்கிறது. கடற்புல் வளர்வது ஆழமில்லாத கடலில். நண்டு வலை விழுவதும் அங்கேதான். ஆகவே இங்கே எடுக்கும் எந்த முடிவும் யாரோ ஒருவருடைய வலையில் போய்த்தான் நிற்கும்.

அந்த ஒருவர் யார்? அதைக் கேட்காமல்தான் 'மீனவர் பிரதிநிதி ஒருவர்' என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

மல்லிப்பட்டினத்திலோ ஜெகதாப்பட்டினத்திலோ அதிகாலையில் போய் நின்று பாருங்கள். விசைப்படகு முதலாளி இருக்கிறார். அவர் கடலுக்குப் போவதில்லை; டீசல் விலையும் ஏற்றுமதி விலையும்தான் அவர் கவலை. அவர் படகில் பங்குக்குப் போகிற தொழிலாளி இருக்கிறார். படகு போகவில்லை என்றால் அன்று அவர் வீட்டில் காசு இல்லை. ஃபைபர் படகில் நண்டு வலை போடுபவர் வேறு. கரையை ஒட்டிக் கம்பு ஊன்றிக் கலங்கட்டி வலை கட்டுபவர் வேறு. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாட்கள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு இந்தக் கடலில் பல வருடமாக இருக்கிறது. ஒரே கடலில் இருவரும் ஒரே நாளில் இறங்கினால் வலை அறுந்து சண்டை வரும் என்பதால் வந்த ஏற்பாடு அது. விசைப்படகு இழுத்துப் போகும் இழுவைமடி வலை கடற்புல்லைப் பெயர்த்துக்கொண்டு போகிறது என்று முதலில் சொல்பவர் நாட்டுப்படகுக்காரர்தான். அவர் சார்பிலும் விசைப்படகு முதலாளியே பேசுவார் என்றால் அந்தக் கூட்டத்தில் அவர் குரல் எங்கே? மீன்பிடி ஒரே தொழில் இல்லை. ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு 'மீனவர் தரப்பைக் கேட்டுவிட்டோம்' என்று எழுதினால், ஒரு தரப்பைக் கேட்டு மற்றவர்களை மௌனமாக்கிவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் கடல் சரணாலய ஆலோசனைக் குழுவில் மீன்பிடிக்கு ஒரே இடம் இல்லை. உணவுக்கான மீனும் சிங்கி இறாலும் பிடிப்பவர், அலங்கார மீன் பிடிப்பவர், சுற்றுலாப் பயணிகளை மீன்பிடிக்க அழைத்துப் போகும் படகோட்டி, பொழுதுபோக்குக்காகப் பிடிப்பவர் என்று பிரித்துத் தனித்தனி இடம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு மாற்று உறுப்பினரும் உண்டு. அவர்கள் முறை எல்லாம் நமக்குப் பொருந்தாது. இந்த ஒன்று நன்றாகவே பொருந்தும்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 36பி பிரிவுப்படி இத்தகைய காப்பகத்துக்கு ஆலோசனை சொல்ல ஒரு மேலாண்மைக் குழு வேண்டும். வனத்துறை அலுவலர் ஒருவர், ஊராட்சிக்கு ஒருவர், தொண்டு நிறுவனங்களிலிருந்து மூவர், அப்புறம் வேளாண்மைத் துறையும் கால்நடைத் துறையும். மீன்வளத் துறையின் பெயரே அந்தப் பிரிவில் இல்லை. நிலத்தை மனதில் வைத்து எழுதிய பட்டியல் அது. அதை அப்படியே கடலில் இறக்கினால் கடல் தெரிந்தவர் யாரும் உள்ளே வராமலே குழு நிறைந்துவிடும். ஆகவே துணைக்குழுவாகவோ அழைப்பாளர்களாகவோ தொழில்வாரியாக ஆட்களைச் சேர்ப்பது அதிகாரிகளின் பொறுப்பு.

'பெண் ஒருவர்' என்பதும் இதே கதைதான். மன்னார் வளைகுடாவைப் பாருங்கள். 1986-இல் 21 தீவுகள் தேசியப் பூங்கா ஆயின. அந்தத் தீவுகளைச் சுற்றி மூச்சடக்கி முங்கிக் கடற்பாசி எடுத்துப் பிழைத்த பெண்களை அப்போது யாரும் 'மீனவர்' என்றே எண்ணவில்லை. ஆனால் மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, சுரண்டும் கருவி வேண்டாம், கையால் மட்டும் எடுப்பது என்று தங்களுக்குள் பேசிக் கட்டுப்பாடு வைத்தது அந்தப் பெண்கள்தான். பாம்பன் அருகே சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி அதற்காக 2015-இல் தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி என்ற சர்வதேச விருதைப் பெற்றார். தலைவர் வீட்டு மருமகளின் பெயரை எழுதி 'பெண்' என்ற கட்டத்தை நிரப்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனி ஊர்க்காரர்களுக்கு. அண்ணன்களே, அக்காக்களே, குழுவில் சேர மறுக்காதீர்கள். "வனத்துறைக்குக் காட்டிக்கொடுக்கிறவன் என்பார்கள்" என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதற்கு வழி ஒதுங்குவது அல்ல, ஊர்க்கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லிப் போவதுதான். சேர்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை வருடப் பொறுப்பு? நாங்கள் சொல்வது ஆலோசனை மட்டுமா, முடிவா? கூட்டத்துக்கு வரும் நாளுக்குப் படியும் பேருந்துக் காசும் உண்டா? படி கேட்பதில் வெட்கம் வேண்டாம். அதிகாரி வருவது சம்பளத்தோடு. நீங்கள் வருவது ஒரு நாள் கடலை விட்டுவிட்டு. இந்தக் குழுவுக்கு ஆலோசனை அதிகாரம்தான் உண்டு என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். மானியமோ உரிமமோ வாங்கித் தருவதாக ஊரில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். கூட்டக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், பிறகு போடுங்கள்.

வலையில் ஆவுளியா சிக்கினால் வலையை அறுத்துத் திருப்பி விடுகிறவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். அறுத்த வலை அவர்களுடைய சொந்தக் காசு. குழுவுக்கு ஆள் தேடுபவர்கள் முதலில் போக வேண்டியது அவர்கள் வீட்டுக்கு. பத்தாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும் என்று விண்ணப்பத்தில் போட்டால் அவர்களில் பாதிப் பேர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். எந்த மாதம் ஆவுளியா எங்கே மேயும், எங்கே கடற்புல் குறைந்திருக்கிறது என்று சொல்லச் சான்றிதழ் எதற்கு?

அதிகாரிகளே, தொண்டு நிறுவன நண்பர்களே, நாளைக்குள் பட்டியல் கேட்காதீர்கள். குறைந்தது இரண்டு மாதம் கொடுங்கள். அறிவிப்பை ஏலக்கூடத்திலும் பள்ளிவாசலிலும் கோயிலிலும் சர்ச்சிலும் ஒட்டுங்கள். கூட்டத்தைக் காலை பதினொரு மணிக்கு மாவட்டத் தலைநகரில் வைக்காதீர்கள். ஏலம் முடிந்த பிறகு ஊரிலேயே வையுங்கள். உறுப்பினர் சொன்ன ஒவ்வொன்றும் என்ன ஆனது என்று ஆறு மாதத்துக்குள் அதே ஊரில் வந்து சொல்லுங்கள். ஏற்கவில்லை என்றால் ஏன் என்றும் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் அடுத்த முறை ஆள் கேட்டு வரும்போது நானும் உங்களோடு வீடு வீடாக வருகிறேன்.