மலையகத்துக்குப் போகும் கமராவுக்கு எதை வாங்குவது?

மலையகச் சுற்றுலாவுக்கென்று பெரிய லென்ஸ் வாங்கக் கொடுக்கும் காசில் ஒரு சிறு பங்கை ஈரத்திலிருந்து கமராவைக் காப்பாற்ற ஒதுக்கினால், ஓகஸ்ட் விடுமுறை முடிந்ததும் என் மேசைக்கு வரும் பழுதுகளில் பெரும்பகுதி வராது. கிளிநொச்சியில் ஸ்ரூடியோவும் கமரா திருத்தும் வேலையுமாக இருப்பவனுக்கு இதை எழுதுவது நட்டக் கணக்குத்தான். ஆனாலும் பங்கசு (பூஞ்சணம்) தின்ற லென்ஸைக் கையில் கொடுத்து, "தம்பி, இது இனிச் சரிவராது" என்று சொல்வதைவிட எழுதுவது சுலபம்.

முதலில் காற்றைப் பாருங்கள். ஆடி ஆவணியில் எங்கள் பக்கம் சோழகம் புழுதியை வாரி இறைக்கும். இதுவும் தென்மேற்குப் பருவக்காற்றுத்தான். கொண்டுவந்த மழையை அட்டன், நுவரெலியா இருக்கும் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு வன்னிக்கு வந்து சேர்கிறது. எங்களுக்குப் பள்ளி விடுமுறையும் வறட்சியும் இருக்கும் நாட்களில் அங்கே தூறலும் மூடுபனியும். இதற்கு மேல் குளிர். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏற ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆக, ஏ9 வீதியில் காலையில் புறப்படும் கமரா, புழுதி படிந்த உடம்போடு அன்று மாலையே பன்னிரண்டு பாகை குளிர்ந்த ஈரக் காற்றுக்குள் நிற்கிறது. தெளிந்த வானத்தோடு படம் வேண்டும் என்றால் தை முதல் சித்திரை வரையான மாதங்கள் நல்லவை. விடுமுறை ஓகஸ்டில்தான் கிடைக்கும் என்பவர்கள் மூடுபனியைப் படமெடுக்கத் தயாராகப் போங்கள், அதுவும் அழகுதான்.

"அண்ணை, மலை தூரத்தில்தானே இருக்கும், பெரிய சூம் வேண்டாமா?" என்று கேட்காமல் போகிறவர் குறைவு. வேண்டாம் என்பதே என் பதில். தூரத்துக்கு இழுத்தால் உங்களுக்கும் மலைக்கும் நடுவில் உள்ள ஈரத்தையும் சேர்த்தே இழுக்கிறீர்கள், 300 மி.மீ. லென்ஸில் எடுத்த மத்தியான மலை சாம்பல் பூசியது போல வருவது லென்ஸின் குறையல்ல. ஹோர்ட்டன் சமவெளியில் 'உலக முடிவு' என்று சொல்லும் மலை விளிம்பில் காலுக்குக் கீழே நிலம் ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாக இறங்குகிறது. அந்தப் பள்ளத்தைப் படத்துக்குள் கொண்டுவர அகலக் கோணம்தான் வேண்டும். காலை ஒன்பது, பத்து மணிக்குள் அங்கே போய்ச் சேராவிட்டால் பெரும்பாலும் வெள்ளைச் சுவரைத்தான் காண்பீர்கள். எந்த லென்ஸும் அதைத் துளைக்காது. மரையும் பறவையும் எடுக்க விரும்புகிறவர்களுக்கு மட்டும் நீள லென்ஸ் பயன்படும். மற்றவர்களுக்குக் கமராவோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ் போதும். ஒரே லென்ஸில் எல்லாம் முடிய வேண்டும் என்றால் 18-135.

கூடுதலாக ஒன்று வாங்கத்தான் வேண்டும் என்று மனம் கேட்டால், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்குங்கள். எஃப் எண் சிறிதானால் ஒளி புகும் துவாரம் பெரிது. 18-55ஐ முழுதும் இழுத்தால் எஃப் 5.6க்குச் சுருங்கிவிடும், இது அதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். விடிவதற்கு முன்னும் தேநீர்க் கடைக்குள்ளும் அதன் அருமை தெரியும். எடையும் மிகக் குறைவு. எடையை ஏன் சொல்கிறேன் என்றால், சிவனொளிபாதமலைக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். தட்டை நிலத்தில் நடந்து பழகிய எங்கள் கால்களுக்கு, பாதி வழியில் கமராப் பை சீமெந்துப் பை போல ஆகிவிடும். யாத்திரைக் காலத்தில் உச்சியில் முக்காலி விரிக்க இடமும் கிடைக்காது. உச்சிக்குப் போனவர்கள் எல்லோரும் கிழக்கே பார்த்துச் சூரியனை எடுப்பார்கள். எடுத்து முடிந்ததும் திரும்பி மேற்கே பாருங்கள். மலையின் நிழல் முக்கோணமாக முகிலின் மேல் விழுந்திருக்கும். சூரியன் ஏற ஏற அது சுருங்கிவிடும். அதற்கும் 18 மி.மீ.தான்.

இனி ஈரத்துக்கு வருவோம். குளிர்ந்த கண்ணாடியில் சூடான ஈரக்காற்றுப் பட்டால் நீர் படியும். மலையில் இது நடப்பது பெரும்பாலும் வெளியே நிற்கும்போது அல்ல. குளிரில் நின்றுவிட்டு ஆவி பறக்கும் தேநீர்க் கடைக்குள் நுழையும்போதுதான். வாகனத்தில் குளிரூட்டியைக் கூட்டி வைத்துக்கொண்டு இறங்கி வந்து, தம்புள்ளை வெயிலில் கதவைத் திறக்கும்போதும் இதே கதைதான். முன்கண்ணாடியில் படிந்ததைத் துடைத்துவிடலாம். உள்ளே படிந்ததை யார் துடைப்பது? ஆகவே இடம் மாறுவதற்கு முன்னரே, குளிரில் நிற்கும்போதே கமராவை இறுக மூடும் பொலித்தீன் பைக்குள் போட்டுவிடுங்கள். நீர் பையின் மேல் படியும். அரை மணிநேரம் பொறுத்துத் திறக்கலாம். ஹோர்ட்டன் சமவெளி வாசலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை அகற்றுவார்கள் என்பதால் அங்கே போகும்போது அந்தப் பையை வாகனத்திலேயே விட்டு, நீர்புகாத துணிப்பையைப் பயன்படுத்துங்கள்.

புறப்படுவதற்கு முதல்நாள் கமராப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி செம்மண்ணாவது விழும். மூலைகளில் பஞ்சு உறைக்கும் தையலுக்கும் நடுவே இன்னும் இருக்கும். இந்த மண் காய்ந்திருக்கும்வரை ஊதினால் போய்விடும். மலையில் ஈரம் பட்டதும் லென்ஸின் வளையத்துக்குள் சேறாகிச் சிக்கிக்கொள்ளும். சட்டை நுனியால் துடைத்தால் கண்ணாடிப் பூச்சில் கீறல் நிச்சயம். முதலில் இரப்பர் ஊதுகருவி, பிறகு மென்துணி. வாயால் ஊத வேண்டாம்.

பங்கசு எப்படி இருக்கும் என்று பலர் பார்த்ததில்லை. லென்ஸைக் கழற்றி, துவாரத்தை முழுதாகத் திறந்துவைத்து, பின்பக்கத்திலிருந்து டோர்ச் ஒளியைச் சாய்வாக விட்டு முன்பக்கத்தால் பாருங்கள். கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, முடியைவிட மெல்லிய வெண்ணிற இழைகள் கிளைவிட்டுப் போயிருக்கும். தொடக்கத்தில் பிரித்துத் துடைத்தால் போகும். நாள்பட்டால் அது விடும் அமிலம் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். இழையைத் துடைத்த பிறகும் தடம் நிற்கும். பாவித்த லென்ஸ் வாங்குகிறவர்கள் இந்தச் சோதனையைச் செய்யாமல் காசைக் கொடுக்காதீர்கள்.

நனைந்த கமராவை அரிசிப் பானைக்குள் புதைப்பதை நிறுத்துங்கள். அரிசி ஈரத்தை உறிஞ்சுவது மந்தம். அதன் மாவு பொத்தான் இடுக்குகளுக்குள் போவது மட்டும் விரைவு. பற்றரியையும் நினைவட்டையையும் கழற்றி, துடைத்து, காற்றோட்டமாக வைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டுவாருங்கள். வேலை செய்கிறதா என்று இடையில் போட்டுப் பார்ப்பதால்தான் பல கமராக்கள் செத்துப்போகின்றன.

"இது மழைக்குத் தாங்கும்" என்று சொல்லி விற்கப்படும் கமரா பற்றி ஒரு வார்த்தை. உடலுக்கு இரப்பர் அடைப்பு இருந்தாலும், மாட்டியிருக்கும் லென்ஸுக்கு இல்லாவிட்டால் நீர் அந்த வழியாக வரும். தொடக்கநிலைக் கமராக்கள் பலவற்றில் இரண்டுக்குமே அடைப்பு இல்லை. தலைக்கு மேல் ஒரு குடையும், அதைப் பிடிக்க ஒரு தம்பியும் எந்த அடைப்பையும்விட மேல்.

ஃபில்டர்களில் போலரைசர் ஒன்றைத்தான் வாங்கச் சொல்வேன். நீலவானத்துக்காக அல்ல. மழையில் நனைந்த தேயிலையும் அருவிப் பாறையும் வெள்ளையாகப் பளபளப்பதை அது வெட்டுகிறது. இலையின் பச்சை அப்போதுதான் வெளிவரும். அது ஒன்றரை, இரண்டு ஸ்டொப் ஒளியை (ஒரு ஸ்டொப் குறைந்தால் ஒளி பாதியாகும்) விழுங்குவதால் மங்கல் நேரத்தில் கழற்றிவிடுங்கள். மலிவான யூவி ஃபில்டர் கண்ணாடிக்கு ஒரு மூடி, அவ்வளவுதான். மூடுபனியை எடுக்கும்போது கமரா வெண்மையைக் கண்டு ஏமாந்து படத்தை இருட்டாக்கும்; எக்ஸ்போஷரை ஒரு ஸ்டொப் கூட்டினால் பனி பனியாக வரும்.

கைத்தொலைபேசி மட்டும் வைத்திருப்பவர்கள் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. பகல் வெளிச்சத்தில் அதன் அகலக் கோணம் போதுமான படம் தரும். பதுளை ரயிலில் படத்துக்காகப் படியில் தொங்காதீர்கள். கையை வெளியே நீட்டி வைத்திருக்கும் தொலைபேசியைச் சுரங்கச் சுவரும் தேயிலைக் கிளையும் தட்டிவிடும். ட்ரோன் வைத்திருப்பவர்கள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் அதைப் பையில் வைக்கவே வேண்டாம்.

திரும்பி வந்த களைப்பில் பையை அப்படியே அலுமாரிக்குள் தள்ளிவிடுவதுதான் வழக்கம். பங்கசு பிடிப்பது மலையில் அல்ல, அந்த அலுமாரிக்குள். ஈரமான பையிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பையைத் தனியாக வெயிலில் காயவிடுங்கள். கமராவை இறுக மூடும் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஒரு சின்ன ஈரமானியும் உள்ளே இருந்தால் நல்லது, 40 முதல் 50 வீதம் காட்டினால் போதும். நிறம் மாறிய ஜெல்லை 120 பாகை ஓவனில் ஒன்றிரண்டு மணிநேரம் வைத்தால் மீண்டும் வேலை செய்யும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் இருப்பதால் செம்மஞ்சள் நிறத்தைக் கேட்டு வாங்குங்கள், எதையும் சமையல் சட்டியில் போட்டு வறுக்காதீர்கள்.