நாய் பூனையின்ர கொக்கிப்புழு எங்கட காலுக்குள்ள எப்பிடி வருது

கொழும்பில நாய் வளர்க்கிற ஆக்கள் விசர்நோய்த் தடுப்பூசியை பெரும்பாலும் மறக்க மாட்டினம், ஆனா பூச்சி மருந்து எண்டு வந்தா "நல்லாத்தானே சாப்பிடுது, பிறகு பாப்பம்" எண்டு தள்ளிப் போடுறது கன வீட்டில நடக்குது. பூனை எண்டா அந்தக் கதையே எடுபடாது. அந்தப் பூச்சியளுக்குள்ள கொக்கிப்புழு கொஞ்சம் கவனமா பாக்கவேண்டிய சாமான், ஏனெண்டா அது நாயின்ர வயித்தில இருந்து மண்ணுக்கு வந்து, மண்ணில இருந்து நேரா மனிசற்ற தோலுக்குள்ள போகும். நாய் வளர்க்காத வீட்டுப் பிள்ளைக்கும் வரலாம், செருப்பில்லாமல் வளவுக்குள்ள இறங்கினாப் போதும்.

புழு பெரிசில்லை, 1 சென்ரிமீற்றர் அளவு, சிலது அதைவிடக் கொஞ்சம் கூட. நாயில வாற அன்சைலொஸ்ரோமா கனைனம் எண்ட இனத்துக்கு வாயில 3 சோடிப் பல்லு. சிறுகுடல் சுவரைக் கவ்விப் பிடிச்சு இரத்தம் குடிக்கும், குடிக்கேக்க இரத்தம் உறையாமல் இருக்க ஒரு சுரப்பையும் விடும், பிறகு அந்த இடத்தை விட்டிட்டு வேற இடத்தில கடிக்கும், பழைய காயம் உறையாமல் கசிஞ்சு கொண்டே இருக்கும். ஒரு புழுவால ஒரு நாளைக்கு 0.1 மில்லிலீற்றர் அளவு இரத்தம் போகலாம். கேக்க ஒண்டுமில்லாத மாதிரி இருக்கு, ஆனா 1 கிலோ நிறையுள்ள குட்டியின்ர உடம்பில மொத்தமா 80, 90 மில்லிலீற்றர் இரத்தம்தான் இருக்கும், அதுக்குள்ள 100 புழு இருந்தா ஒரு நாளைக்கு 10 மில்லிலீற்றர் போகுது. முரசு வெளிறி, மலம் கறுப்பா தார் மாதிரிப் போய், குட்டி எழும்பேலாமல் படுத்திடும்.

இதில எனக்கு மனசைப் பிசையிற விசயம், குட்டிக்கு அது தாய்ப்பாலாலயே வரும் எண்டது. பெரிய நாயின்ர உடம்புக்குள்ள போற கனைனம் லாவாவில (முட்டையில இருந்து வாற குஞ்சுப் புழு) ஒரு பங்கு குடலுக்குப் போகாமல் தசைக்குள்ள போய் உறங்கிக் கிடக்கும், மருந்து குடுத்தாலும் அதுகளுக்கு அவ்வளவா படாது. நாய் குட்டித்தாச்சி ஆனதும் முழிச்சு முலைக்குப் போய்ப் பாலோட குட்டிக்குள்ள இறங்கும். அதால குட்டியின்ர மலத்தில முட்டை தெரியிறதுக்கு முதலே குட்டி செத்துப்போறது உண்டு. 2 கிழமையில முதல் மருந்து, பிறகு 2 கிழமைக்கு ஒருக்கா எண்டு மிருக வைத்தியர்மார் சொல்லுறதுக்குக் காரணம் இதுதான், தாய்க்கும் சேத்துக் குடுக்கச் சொல்லுறதும் அதுக்குத்தான். பூனையில இப்பிடிப் பாலால வாறதாத் தெரியேல்லை, அதுகளுக்கு மண்ணாலயும், பிடிச்சுத் தின்னுற எலியாலயும் வரும்.

இனி மண்ணுக்கு வருவம். மலத்தோட வெளிய வாற முட்டையால உடன ஒரு கெடுதியும் இல்லை. 1, 2 நாளில பொரிச்சு, வாற லாவா மலத்தில இருக்கிற பக்ரீரியாவைத் திண்டு, ரெண்டு தரம் தோல் கழட்டி, 5 தொடக்கம் 10 நாளுக்குள்ளதான் தோலைத் துளைக்கிற பருவத்துக்கு வரும். அதுக்குப் பிறகு சாப்பாடே இல்லை, உடம்பில சேத்து வைச்ச கொழுப்பில கிழமைக்கணக்கா சீவிக்கும், ஈரமும் நிழலும் சூடும் இருந்தாச் சரி. கொழும்பு வருசம் முழுக்க அப்பிடித்தானே இருக்கு! நல்ல வெயில் பட்டு மண் காய்ஞ்சாச் செத்திடும், அதால திறந்த வெளியை விட வீட்டுப் பின்பக்கத்து நிழல் மண், மாமரத்தடி, கட்டட வேலைக்கு ஒழுங்கை ஓரத்தில கொட்டி வைச்சிருக்கிற மணல் கும்பி, இதுகள்தான் மோசம். மணல் கும்பியைக் கண்டாப் பூனையும் விடாது, பிள்ளையளும் விடாதுகள்.

தோலால போகும் எண்டதைக் கண்டுபிடிச்சது ஆர்தர் லூஸ் எண்ட ஜேர்மன் விஞ்ஞானி. 1890களில கெய்ரோவில வேலை செய்யேக்க மனிசக் கொக்கிப்புழு லாவா இருந்த தண்ணி அவற்ற கையில சிந்தி, அந்த இடம் சிவந்து கடிச்சிருக்கு, கொஞ்ச நாளுக்குப் பிறகு அவற்ற மலத்திலயே முட்டை வந்திருக்கு. அதே லூஸ்தான் 1911இல, இலங்கையில பிடிச்ச ஒரு மரநாயில இருந்து எடுத்த புதுப் புழுவுக்கு அன்சைலொஸ்ரோமா சிலோனிக்கம் எண்டு பேர் வைச்சவர்.

மனிசருக்கு வாறது எல்லாம் ஒரே மாதிரி இல்லை, எந்தப் புழு எண்டதைப் பொறுத்து மாறும். நாயிலயும் பூனையிலயும் இருக்கிற பிரசிலியென்ஸ் எண்டது மனிசத் தோலுக்குள்ள வந்திட்டு மேல்தோலுக்குக் கீழ இருக்கிற படலத்தைத் தாண்டேலாமல் மாட்டுப்பட்டு, நாளுக்கு சில மில்லிமீற்றர் தொடக்கம் 1, 2 சென்ரிமீற்றர் எண்டு வளைஞ்சு வளைஞ்சு ஊரும். தோலில சிவப்பா ஒரு கோடு நீண்டு கொண்டு போகும், ராவில நித்திரை கொள்ளவிடாத கடி. கன பேர் பங்கஸ் எண்டு நினைச்சு பார்மசியில கிறீம் வாங்கிப் பூசிக்கொண்டு இருப்பினம். கோடு இடம் மாறுதா எண்டு பாருங்கோ, மாறினா டொக்டரிட்டப் போங்கோ, ஐவர்மெக்ரின் அல்லது அல்பெண்டசோல் குடுப்பினம், கெதியா மாறும். சும்மா விட்டாலும் லாவா கிழமைக்கணக்கில இல்லாட்டி மாதக்கணக்கில தானாச் சாகும், ஆனா அதுவரைக்கும் சொறிஞ்சு புண்ணாக்கிறதுதான் பிரச்சினை.

கனைனம் அபூர்வமாத்தான் மனிசக் குடலுக்கு வரும், வந்தா ஒரு புழுவே கடுமையான வயித்துக்குத்தைக் குடுக்கும், 1990 அளவில அவுஸ்ரேலியாவின்ர வட குயின்ஸ்லாந்தில இதைக் கண்டுபிடிச்சு எழுதியிருக்கினம்.

சிலோனிக்கம்தான் வேற மாதிரி. அது நாய், பூனை, மனிசர் எண்டு பாக்காது, மனிசக் குடலுக்குள்ள போய் முழுசா வளந்து முட்டையும் போடும். ஆசியாவில மனிசருக்கு வாற கொக்கிப்புழுவில ரெண்டாவது இடம் இதுக்குத்தான். அப்ப பிள்ளைக்கு மட்டும் பூச்சிக் குளிசை குடுத்திட்டு வீட்டு நாயை விட்டா, வளவு மண்ணில இருந்து திரும்பவும் பிள்ளைக்கு வரும்.

அதுக்காக நாயைக் கலைக்கவோ பூனையைக் கொண்டுபோய் எங்கயும் விடவோ வேண்டாம். அந்த 5 நாள் இடைவெளி இருக்கே, அதுதான் எங்கட கையில இருக்கிறது. மலத்தை அண்டண்டைக்கே அள்ளிப்போட்டா லாவா வளர நேரமே கிடைக்காது. மழை வாறதுக்கு முதல் அள்ளினா இன்னும் நல்லது, தண்ணியோட மண்ணுக்குள்ள பரவாது. வளவுக்குள்ள செருப்பு, தோட்ட வேலைக்குக் கையுறை, மணல் கும்பிக்கு மேல ஒரு தறப்பாள். கடற்கரையில பிள்ளையளை அலை வந்து கழுவிற ஈர மணலில விளையாட விடுங்கோ, நாயள் படுக்கிற மேல்பக்கத்து மணலில வேண்டாம். தெருநாய்க்குச் சாப்பாடு வைக்கிற ஆக்கள் மிருக வைத்தியரிட்ட கேட்டு நிறைக்கேத்த அளவில பூச்சி மருந்தையும் சோத்துக்குள்ள வைச்சுக் குடுக்கலாம்.

வீட்டில ஆருக்காவது மலச் சோதனையில கொக்கிப்புழு முட்டை எண்டு வந்தா, வீட்டில நாய் பூனை இருக்கு எண்டதை டொக்டருக்குக் கட்டாயம் சொல்லுங்கோ. மைக்றோஸ்கோப்பில மனிசப் புழுவின்ர முட்டையும் சிலோனிக்கத்தின்ர முட்டையும் ஒரே மாதிரித்தான் தெரியும், பிரிச்சுப் பாக்க டிஎன்ஏ சோதனை வேணும், எல்லா இடத்திலயும் அது செய்யிறேல்லை, அதால மனிசருக்கும் மிருகத்துக்கும் ஒரே நேரத்தில மருந்து குடுக்கிறதுதான் சரி.